எம்கேடாக்ஸ் ஆவணத் தளத்தில் சில இணைப்புகள் மட்டும் 404 காட்டுகின்றன

எங்கள் மென்பொருளின் பயனர் கையேட்டை எம்கேடாக்ஸில் (மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய கோப்புகளை இணையதளமாக மாற்றும் கருவி) போட்டிருக்கிறேன். உபுண்டு 22.04, சுமார் 40 பக்கங்கள். மூன்று நாளாக இதே சிக்கல்தான்.

பக்கவாட்டு மெனு சரியாகப் போகிறது, மார்க்டவுனில் எழுதிய இணைப்புகளும் சரி. அட்டவணைகளுக்குள் நேரடியாக எச்டிஎம்எல்லில் எழுதியவை மட்டும் உடைகின்றன. 'நிறுவல்' பக்கத்திலிருந்து 'அமைப்புகள்' பக்கத்துக்குப் போகாமல் 'நிறுவல்/அமைப்புகள்' என்று ஒரு படி உள்ளே போய்த் தேடுகிறது. முகப்பில் அதே இணைப்பு வேலை செய்வதுதான் குழப்பம்.

கேஷ் அழித்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், தளத்தின் பக்கங்கள் உருவாகும் சைட் ஃபோல்டரை நீக்கி மறுபடி பில்ட் செய்தேன். எச்சரிக்கை வந்தாலே பில்டை நிறுத்திவிடும் ஸ்ட்ரிக்ட் முறையிலும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அப்புறம் பக்க முகவரிகளை .html இல்லாமல் ஃபோல்டர் போல '/' என்று முடிக்கும் 'யூஸ் டைரக்டரி யுஆர்எல்ஸ்' அமைப்பை அணைத்தேன். எல்லாப் பக்க முகவரியும் மாறிவிட்டது. பயனர்களிடம் ஏற்கெனவே கொடுத்த இணைப்புகள் வீணாகும், அதனால் திருப்பி வைத்துவிட்டேன்.

பக்க முகவரிகளை மாற்றாமல் இந்த அட்டவணை இணைப்புகளை எப்படிச் சரிசெய்வது?