‘இன்டிமேட் கேர்’: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

சி. (வியாசர்பாடி):
வணக்கம். எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகள் மூன்று பேர். டயப்பர் மாற்றுவது, கழுவி விடுவது, பெரிய பெண்ணுக்கு நாப்கின் மாற்றுவது எல்லாம் ஆயாம்மாதான். அவருக்கும் ஆசிரியர்களுக்குமாக ஓர் இங்கிலாந்துக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன், வியாழன் அச்சுக்குப் போகிறது. அதில் ‘பர்சனல் கேர்’ வேறு, ‘இன்டிமேட் கேர்’ வேறு. சோறூட்டுவது, தலை வாருவது முதலாவது. உடை களைந்து மறைவிடத்தைத் தொடவேண்டி வருவது இரண்டாவது. ‘அந்தரங்கப் பராமரிப்பு’ என்று எழுதி ஆயாம்மாவிடம் படித்துக் காட்டினேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாரப் பத்திரிகைக் கேள்வி-பதில் மாதிரி இருக்கிறதாம்.

மு. (மயிலாப்பூர்):
அந்தரங்கம் வடசொல், அதற்காகவே தள்ளலாம். ‘அணுக்கப் பேணல்’ என்று வையுங்கள், அணுக்கம் என்றால் நெருக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் என்றே ஒரு வாசல் உண்டு. பேண் என்பது எவ்வளவு ஆழமான வேர்! பெண் என்ற சொல்லே அதிலிருந்து கிளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து.

இரா. (பெரம்பூர்):
ஐயா, அப்போது ஆண் பிள்ளைகளை யார் பேணுவது? அணுக்கன் வந்தால் பின்னாலேயே அணுக்கியும், அதாவது அரசனின் காதலியும் வருவாள். இராசேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையை மறந்துவிட்டீர்களா? பிள்ளைகள் பாதுகாப்புக் கையேட்டில் அந்த நிழல் வேண்டாம். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்று தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலுக்கு நாம் படித்த ‘கால் கழுவி வந்தேன்’ இன்றும் வீட்டில் புழங்குகிறதே. என் ஓட்டு ‘உடுக்கைப் பேணல்’, உடுக்கை என்றால் ஆடை. உடுக்கை இழந்தவன் கைபோல!

மு.:
உடுக்கை என்றால் ஆடி மாதக் கூழும் மாரியம்மனும்தான் நினைவுக்கு வரும். மேலும் அந்தக் குறளில் விரைவது அவனுடைய சொந்தக் கை. தானாக இழுத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு வருவது அடுத்தவர் கை. எல்லாச் சிக்கலும் அங்கேதானே?

சி.:
அதேதான் ஐயா. அதனால்தான் எனக்கு இடக்கரடக்கல் என்றால் பயம். பதிவேட்டில் ‘கால் கழுவி விட்டேன்’ என்று எழுதினால் நாளைக்குப் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? தொடுவதற்கு முன் பிள்ளையிடம் சொல், தானே துடைத்துக்கொள்ள முடிந்தால் விடு, திரை போடு, யார் எப்போது என்ன செய்தது என்று எழுதிவை, புண்ணோ தடிப்போ கண்டால் உடனே தெரிவி என்கிறது கையேடு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் 2012 போக்சோ சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதுமா? ‘இன்றைக்கு வேறு மாதிரி தொட்டாங்க’ என்று பிள்ளை சொல்ல, உறுப்புக்கும் செயலுக்கும் அதன் வாயில் சொல் இருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையின் பட அட்டையிலும் அதே சொல்தான் இருக்கும்.

த. (வேளச்சேரி):
நான் பிசியோதெரபிஸ்ட். ‘உடல்தூய்மை உதவி’ போதாதா? பேணல், பராமரிப்பு என்றால் பிள்ளை சும்மா படுத்திருக்கிற மாதிரி தோன்றுகிறது. உதவி என்றால் பிள்ளையும் பாதி வேலை செய்கிறது. சிறுநீர்க் குழாய் போடுவதை இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இரா.:
சரி, எனக்குச் சம்மதம். உடுக்கையை விட மனமில்லை, ஆனால் மணி பதினொன்று.

மு.:
எனக்குச் சம்மதமில்லை. தூய்மை என்று தலைப்பிலேயே போட்டால் பிள்ளை தூய்மையற்றது என்றாகிறது. பாத்திரம் துலக்குபவரைக் ‘கரிநீக்கி’ என்போமா?

சி.:
ஐயா சொல்வது உறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் ஆயாம்மா இதை மட்டும்தான் சிரிக்காமல் படித்தார், படித்துவிட்டு ‘சுத்தம்னே போடேன்மா’ என்றார். இப்போதைக்கு ‘உடல்தூய்மை உதவி’, மற்றதற்கு ‘அன்றாட உதவி’. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

மு.:
அனுப்பியதைப் பார்த்தேன். டயப்பரை ஏன் அப்படியே விட்டீர்கள்? அணையாடை என்று அழகான சொல் இருக்கிறதே.