இரைப்பைக் குறைப்புக்குப் பின் உணவை ரசிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் என் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை அகற்றி ஐந்து மாதங்கள் ஆகின்றன. எடை நன்றாகக் குறைகிறது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. நேற்று அம்மா ஆசையாகச் சுட்டுத் தந்த நெய்த்தோசையைக் கூழாகும்வரை மென்றும், நான்காவது வாயிலேயே நெஞ்சை அடைத்துக்கொண்டதால் தட்டை நகர்த்திவிட்டேன். அவர் முகம் வாடியது அதைவிட வலித்தது. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும் என்பதால் முட்டைக்கும் பனீருக்குமே வயிற்றில் இடம் போய்விடுகிறது. குழம்பில் ஊறிய மீன் மட்டும் இதமாக இறங்குகிறது. இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரண்டு கரண்டி அளவிலேயே நாவுக்கு நிறைவு தரும்படி நம் வீட்டுச் சமையலை எப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்றும், விருந்தில் உறவினர் வற்புறுத்தும்போது என்ன சொல்கிறீர்கள் என்றும் எழுதினால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.