மறு: ‘மோடல் வெர்ப்’ தமிழில்: ‘பாங்குவினை’ மட்டும் போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘மே’ (may), ‘மஸ்ட்’ (must), ‘கேன்’ (can) போல முதன்மை வினையோடு சேர்ந்து ஊகம், அனுமதி, கட்டாயம், இயலுமை ஆகியவற்றைச் சொல்லும் ஆங்கிலத் துணைவினைகளுக்கு, அதாவது ‘மோடல் வெர்ப்’ என்பதற்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாட்களாக நீளும் இந்த இழையை நேற்று இரவுப்பணி முடிந்த பிறகுதான் முழுவதும் படித்தேன். மதுரை ஐயா ‘வாய்ப்புவினை’ என்கிறார். மும்பை அன்பர் ‘நிலைவினை’ என்கிறார். பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் இலக்கணம் கற்பிப்பவள் அல்ல. தில்லியில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் தொழில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். புகைமூட்டத்தால் இங்கே பள்ளிகளை மூடியிருந்தார்கள். ஞாயிறு இரவு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. திங்கட்கிழமை பள்ளிகள் ‘மே’ ரீஓபன் என்று அதிகாரிகள் கூறியதாக இருந்தது. நான் சற்றும் யோசிக்காமல் ‘பள்ளிகளைத் திங்கள் முதல் திறக்கலாம்: அதிகாரிகள்’ என்று தலைப்பிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்கு முகக்கவசம் மாட்டி ஆட்டோவில் அழைத்துச் சென்றிருக்கிறார். பள்ளியின் கதவு பூட்டியிருந்திருக்கிறது. ‘திறக்கலாம் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்?’ என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பின்னால் அந்தப் பையன் இருமுவது எனக்குக் கேட்டது.

ஆங்கிலத்தில் இருந்தது ஊகம். நான் எழுதியது அனுமதி. அதிகாரிகள் ‘திறக்க வாய்ப்புண்டு’ என்றார்கள். என் தலைப்பு ‘திறந்துகொள்ளுங்கள்’ என்றது. ‘திறக்கக்கூடும்’ என்று எழுதியிருந்தால் அந்த ஆட்டோ புறப்பட்டிருக்காது.

இதனால்தான் ‘வாய்ப்புவினை’ எனக்கு ஒப்பவில்லை, ஐயா. ‘மே’ என்பதன் ஒரு முகத்தை மட்டும் அது காட்டுகிறது. நான் வழுக்கி விழுந்தது மற்ற முகத்தில். மாசு கூடக் கூடக் கட்டுப்பாடுகளை ஏற்றும் தில்லியின் படிநிலைத் திட்டத்தில், மத்திய அரசு தன் ஊழியர்களை வீட்டிலிருந்து பணிபுரிய விடுவது குறித்து ‘மே’ முடிவெடுக்கும் என்ற வகையில் ஒரு வரி உண்டு. அங்கே அது ஊகமும் அல்ல, வெறும் அனுமதியும் அல்ல. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சொல்கிறது. ஒரே சொல்லுக்கு மூன்று வேலைகள். ‘மஸ்ட்’ என்பதும் அப்படித்தான். ‘ஓட்டுநர் தூங்கியிருக்க வேண்டும்’ என்று காவல்துறை சொன்னால் அது அனுமானம். ‘ஓட்டுநர் எட்டு மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும்’ என்று விதி சொன்னால் அது கட்டாயம். தமிழ் ‘வேண்டும்’ இரண்டையும் ஆங்கிலம் போலவே சுமக்கிறது. ஆகவே இது ஆங்கிலத்தின் குறை என்று யாரும் எழுத வேண்டாம்.

‘நிலைவினை’ பற்றி ஒரே வரி: ‘இரு’, ‘உள’ போல இருப்பைக் குறிக்கும் வினைகளுக்கு அந்தப் பெயர்தான் பொருந்தும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

பெங்களூரு அன்பர், ‘நம்மிடம் வியங்கோள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?’ என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் வியங்கோள் என்பது வாழ்க, செல்க, வாழிய என்று வினையே கொள்ளும் ஒரு வடிவம். நாம் பேசுவது வினையை அடுத்து நிற்கும் துணையைப் பற்றி. எனினும் அந்த ஒரு வடிவத்துக்கே வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று பொருள்களைப் பிரித்துப் பெயரிட்டது நம் மரபு. வடிவுக்கு ஒரு பெயர், அது தரும் பொருள்களுக்குத் தனித்தனிப் பெயர்கள். அந்த வழியில்தான் நாமும் போக வேண்டும் என்கிறேன்.

வடிவுக்கு ‘பாங்குவினை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘மோடுஸ்’. அளவு, விதம் என்று பொருள். ‘பாங்கு’ என்றாலும் விதம்தான். பக்கம் என்ற பொருளும் அதற்கு உண்டு. அகப்பாடல்களில் தலைவன் பக்கத்தில் நிற்பவன் பாங்கன், தலைவி பக்கத்தில் நிற்பவள் பாங்கி. முதன்மை வினையின் பக்கத்தில் நிற்பதைப் பாங்குவினை என்பதில் ஓர் அழகு இருக்கிறது. பள்ளிவாசல் பாங்கொலியோடு குழம்பும் என்று ஓர் அன்பர் அஞ்சினார். ‘வினை’ ஒட்டிய பிறகு அந்தக் குழப்பம் வராது. இந்தியில் இதே கருத்துக்கு ‘விருத்தி’ என்ற சொல் வழங்குகிறது. தமிழில் அதை எழுதினால் ‘வளர்ச்சி’ என்றுதான் படிப்பார்கள், எனவே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். செய்தி மேசையில் எனக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். பேசுபவர் தமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று சொன்னால் அதைத் ‘துணிபுப் பாங்கு’ என்போம். ஐயமும் துணிவும் நம் மரபில் இணையாக வருபவை. ஒருவர் செய்தாக வேண்டியது, செய்ய விடப்பட்டது, செய்யக் கூடாதது ஆகியவற்றைச் சொன்னால் ‘கடப்பாட்டுப் பாங்கு’ என்போம். ‘கேன்’ போல இயலுமையைச் சொல்வதை ‘ஆற்றல் பாங்கு’ எனலாம். அதில் சிக்கல் குறைவு, ‘முடியும்’ என்ற சொல் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது.

‘கடப்பாடு’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுத்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘ஷல்’ (shall) என்பதற்குக் ‘கடன்பட்டிருத்தல்’ என்று பொருள். தமிழில் ‘செய்யக்கடவன்’, ‘ஆகக்கடவது’ என்று எழுதினார்கள். கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். விவிலியத்தில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்பதை இன்றும் படிக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் கட்டளைக்குக் கடனையே தேடிப் போயிருக்கின்றன. அதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்று ‘கடவது’ வழக்கிலிருந்து போய்விட்டதால், அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவைச் செய்தியில் எழுதும்போது திண்டாடுகிறோம். ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலான இந்தி ‘ஷல்’ பி என்கிறது அது. ‘இந்தியாக இருக்கும்’ என்றால் எதிர்காலச் செய்தி போல ஒலிக்கிறது. ‘இருத்தல் வேண்டும்’ என்றால்தான் சட்டம் பேசுகிறது.

தில்லியில் வாழ்வதால் கிடைத்த ஒரு பாடமும் உண்டு. எங்கள் கரோல்பாக் வீட்டுக்காரர் அம்மா ‘ஜானா சாஹியே’, ‘ஜானா ஹை’, ‘ஜானா படேகா’ என்று மூன்றையும் கலக்காமல் பேசுவார். போவது முறை, போக வேண்டிய வேலை இருக்கிறது, விருப்பமில்லாவிட்டாலும் போயாக வேண்டும். நான் நெடுநாள் மூன்றையும் ‘போக வேண்டும்’ என்றே தமிழாக்கிக்கொண்டிருந்தேன். தமிழில் இல்லாததாலா? இல்லை. ‘போக வேண்டும்’, ‘போக வேண்டியிருக்கிறது’, ‘போயாக வேண்டும்’ என்று நம்மிடமும் மூன்று படிகள் இருக்கின்றன. ‘ஷுட்’, ‘ஹேவ் டு’, ‘மஸ்ட்’ எது வந்தாலும் ‘வேண்டும்’ என்று ஒரே முத்திரையைக் குத்தியது என் அவசரம்.

எதிர்மறையில்தான் உண்மையான பள்ளம். ‘திறக்கக்கூடும்’ துணிபுப் பாங்கு. அதை மறுத்து ‘திறக்கக்கூடாது’ என்றால் ஒரே தாவலில் கடப்பாட்டுக்குப் போய்விடுகிறது, ஊகம் தடையாகிவிடுகிறது. ‘மே நாட்’ என்று வரும் செய்தியைப் புதிதாக வரும் பிள்ளைகள் ‘கூடாது’ என்று எழுதியதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். ‘பள்ளிகள் திறக்கப்படாமல் போகலாம்’ என்று மறுப்பை முதன்மை வினைக்குள் வைத்தால் பொருள் நிற்கிறது. ஆக, ‘கூடும்’ என்ற சொல்லையே ஒரு வகையில் அடைக்க முடியாது; அது வரும் இடத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும். கலைச்சொல் பட்டியலில் ‘பாங்குவினை’ என்று ஒரே வரி இட்டுவிட்டுப் போனால் இந்தப் பள்ளம் மூடாது என்பதே என் வாதம்.

‘வுட்’ (would) பற்றிக் கேட்டிருந்த சகோதரிக்கு: செய்தியில் வரும் ‘வுட்’ பெரும்பாலும் ‘வில்’ என்பதன் பிறர்கூற்று வடிவம்தான். ‘செய்வேன் என்று அமைச்சர் கூறினார்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. அதில் ஐயத்தைத் தேட வேண்டாம்.

எனக்கே தெளியாத ஓர் இடம் உண்டு. ‘பதவி விலகுவார் எனத் தெரிகிறது’ என்று நாம் எழுதுகிறோமே, ஆங்கிலத் தலைப்பின் ‘மே’ பல நேரங்களில் தமிழில் இப்படித்தான் வந்து அமர்கிறது. ஆனால் அது உறுதியின் அளவைச் சொல்லவில்லை. செய்தி கேள்விப்பட்டது என்கிறது. ‘விலகுவாராம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ செய்யும் வேலை அது. இதைத் துணிபுக்குள் சேர்ப்பதா, ‘கேள்விப் பாங்கு’ என்று தனியே வைப்பதா? ‘கேள்வி’ வினாவோடு குழம்பும் என்பதால் தயங்குகிறேன். மதுரை ஐயா இதற்கு ஒரு வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரும் திங்களன்று எங்கள் பிரிவில் இரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். பாங்குவினை, துணிபுப் பாங்கு, கடப்பாட்டுப் பாங்கு, ஆற்றல் பாங்கு ஆகிய நான்கையும், ‘திறக்கலாம்’, ‘திறக்கக்கூடும்’, ‘திறக்கக்கூடாது’, ‘திறக்கப்படாமல் போகலாம்’ ஆகிய நான்கு தலைப்புகளையும் ஒரே தாளில் அச்சிட்டு அவர்கள் மேசையில் வைக்கப்போகிறேன். மாற்றம் இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கரோல்பாக், தில்லி