மால்டா ஹைபோஜியம் டிக்கெட்: போய் வந்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. நான் ரிட்டயர் ஆன வரலாற்று வாத்தியார். பழைய சகாக்கள் 14 பேர் சேர்ந்து செப்டம்பர்ல மால்டா போறோம். கோசோ தீவுல இருக்கிற ஜ்கன்டியா கோயில் கி.மு. 3600 வாக்குல கட்டினது, கிசா பிரமிடை விட சுமார் 1,000 வருஷம் மூத்தது. பாடம் நடத்துன காலத்துலயே பார்க்கணும்னு ஆசை.

சிக்கல் ஹல் சஃப்லியெனி ஹைபோஜியத்துல. பாறையைக் குடைஞ்சு பூமிக்கடியில மூணு அடுக்கா அமைச்ச பழங்காலப் புதைகுழி அது. நம்ம மூச்சுக்காத்து ஈரமே கூரையில இருக்கிற செங்காவி ஓவியத்தைக் கெடுத்துடுமாம், அதனால ஒரு நடைக்கு 10 பேருக்கு மேல விடமாட்டாங்க. நாங்க 14! ஒரே நாள்ல அடுத்தடுத்த ரெண்டு நடையா யாராவது டிக்கெட் எடுத்திருக்கீங்களா? எத்தனை மாசம் முன்னாடி எடுத்தீங்க? விசா வர்றதுக்கு முன்னாடியே பணம் கட்டணுமேன்னுதான் யோசனை.

இன்னொண்ணு. செப்டம்பர் சம இரவு நாள்ல மால்டாவுல ம்னைத்ராங்கிற பழைய கோயில் தொகுதியோட தெற்குக் கோயில் வாசல் வழியா உதயசூரியன் நேரா உள்ளே விழும். அந்த விடியலுக்கு உள்ளே விடுறாங்களா, தனி டிக்கெட்டா? பக்கத்து ஹஜார் இம் கோயிலுக்கு அரை கிலோமீட்டர், திரும்பும்போது ஏத்தம். எங்கள்ல மூணு பேருக்கு முட்டிவலி, அங்க வண்டி ஏதும் உண்டா?

சாப்பாட்டைப் பத்திக் கவலையில்லை, புளிக்காய்ச்சல் கையோட வருது.

ஏஜெண்ட் விளம்பரம் வேண்டாம். நேர்ல போனவங்க மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்.