மறு: ஃபிளாக் (FLACC) வலி அளவுகோலின் ஐந்தாவது உருப்படியான 'Consolability'க்குத் தமிழ்

> 'தேற்றத்தக்க தன்மை' எனலாமே? மூலத்துக்கு நேரானது.

ஐயா, நேரானதுதான். வகுப்பில் இடிப்பதும் அதனால்தான்.

1997இல் வெளியான இந்த அளவுகோல், வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கானது. இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை. முகம், கால், அசைவு, அழுகை, அப்புறம் நாம் பெயர் தேடும் இது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்; மொத்தம் பத்து. எண் ஏறினால் வலி கூடுதல். ஐந்தாவதில் மட்டும் பெயர் ஒரு பக்கம் இழுக்கிறது, எண் மறுபக்கம் போகிறது: சமாதானமே ஆகாத குழந்தைக்குத்தான் 2.

அறுவை முடிந்து வந்த இரண்டு வயதுப் பையன். அவ்வப்போது முகம் சுளித்தான், 1. கால் தளர்வாகக் கிடந்தது, 0. அசைவு 0. முனகல், 1. அம்மா முதுகைத் தடவியதும் முனகல் நின்றது. ஐந்தாவதற்கு என் மாணவி 2 போட்டுவிட்டாள். "நல்லாத் தேறினானே மேடம்!" போட வேண்டியது 1. மொத்தம் 3 என்பது 4 ஆகி, லேசான வலி நடுத்தர வலியாகிவிட்டது. இதாவது பரவாயில்லை, எடுத்து அணைத்தும் அழுகிற குழந்தைக்கு 0 போட்டால்?

ஆகவே பெயரையே திருப்பிவிடலாம் என்கிறேன். 'தேறாமை' வேண்டாம், வார்டில் 'தேறாது' என்றால் பிழைக்காது என்று பொருள், அட்டையை எட்டிப் பார்க்கும் தாய்க்கு உயிரே போய்விடும். 'ஆறாமை' புண்ணுக்குப் போய்விட்டது. 'அடங்காமை' பிள்ளையைத் திட்டுகிறது. என் ஓட்டு 'சமாதானமாகாமை'க்கு. வடசொல்தான், ஆனால் எல்லார் வாயிலும் இருக்கிறது.

---

> என் ஓட்டு 'சமாதானமாகாமை'க்கு.

பெயரைத் திருப்புவது சரி அம்மா. ஒரு சந்தேகம். முகத்தையும் காலையும் பார்த்தே எண் போடலாம். இதற்கு யாராவது தொட்டு, பேசி, பராக்குக் காட்டிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? 'ஆகாமை' என்றால் கட்டில் ஓரம் நின்று வேடிக்கை பார்த்தே எழுதிவிடுவார்கள். 'சமாதானப்படுத்த முடியாமை' என்றால், முயன்று பார்த்தாயா என்று கேட்கலாம்.

---

பிடித்துவிட்டீர்கள் ஐயா. தொடாமலே எண் போடுவதுதான் முதலாண்டில் நான் அதிகம் திருத்தும் பிழை. அதையே வைத்துக்கொள்கிறேன். அட்டையின் கட்டத்துக்குள் இரண்டு வரியாகத்தான் நுழையும், நுழையட்டும்.