காலடிப்பேட்டை வீடும் எங்கள் குடும்பக் குரூப்பும்

தம்பி: எல்லாருக்கும் வணக்கம். வடசென்னை காலடிப்பேட்டையில் நான் ஏஜென்ட்டாக விற்றுக்கொடுக்கிற புது அபார்ட்மென்ட், 2 பெட்ரூம். பில்டர் கொடுத்த படங்களை மேலே அனுப்பியிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்த குரூப்பில் எல்லாம் போட்டுவிடுங்கள். இன்ஸ்டாவிலும் போட்டேன், லைக் வருகிறது, போன்தான் ஒன்றும் வரவில்லை.

ராயபுரம் அத்தை: பார்த்தேன் கண்ணு, வீடு பளபளன்னு இருக்கு. விலை எவ்வளவு?

தம்பி: போன் செய்பவர்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னார்கள் அத்தை.

பெரியக்கா: அதனால்தான் போன் வரவில்லை. வீடு தேடுகிறவன் கையில் இருக்கும் பணத்தையும் லோனையும் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டுதான் தேடுகிறான், விலை இல்லாத போஸ்டைப் பார்த்தால் நமக்கு எட்டாது என்று அடுத்ததற்குப் போய்விடுவான். விலையைப் போடு, கார்பெட் ஏரியா (சுவருக்குள் புழங்குகிற இடம்) எத்தனை சதுர அடி, யுடிஎஸ் (நிலத்தில் வாங்குபவருக்கு வரும் பங்கு) எவ்வளவு, பார்க்கிங் அதில் சேர்த்தியா என்பதையும் போடு. நூறு பேர் லைக் போடுவதைவிட, விலை தெரிந்தும் நாலு பேர் கூப்பிட்டால் அந்த நாலு பேரும் உண்மையாக வாங்க வருகிறவர்கள்.

பெரியக்கா: அப்புறம், அந்தப் படங்கள் கம்ப்யூட்டரில் வரைந்தவை. வாசலில் தென்னை மரம், பெரிய புல்வெளி. அந்தத் தெரு வழியாகத் தினமும் போகிறவர்களிடமா அதைக் காட்டப் போகிறாய்?

டோல்கேட் மாமா: 'மெட்ரோ 2 நிமிடம்' என்று வேறு போட்டிருக்கிறாயே தம்பி, நடந்தா, பைக்கிலா?

தம்பி: பில்டர் நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது மாமா.

பெரியக்கா: காலடிப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் போனை ஆன் செய்து, வீட்டு வாசல் வரை நடந்தே போய் வெட்டாமல் ஒரு வீடியோ எடு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் இருந்து இந்தப் பக்கம் வீடு கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்றுதான். ஏழு நிமிடம் ஆனால் ஏழு நிமிடம் என்றே இருக்கட்டும்.

டோல்கேட் மாமா: மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பரில், அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதையும் போடு.

தம்பி: மாமா, அதைப் போட்டால் யார் வாங்குவார்கள்?

பெரியக்கா: வாங்குவார்கள் டா. வடசென்னையில் மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. நீ சொல்லாவிட்டால் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அதோடு உன் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். முழங்கால் வரை நின்றது, இப்போது தரைத்தளத்தை இவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று நேராகச் சொல்கிற ஏஜென்ட்டை, அந்த வீடு பிடிக்காதவர்கூட வேறு வீட்டுக்காகத் திரும்பக் கூப்பிடுவார்.

ராயபுரம் அத்தை: நான் ஸ்டேட்டஸில் வைக்கட்டுமா?

பெரியக்கா: இப்போது வேண்டாம் அத்தை. முதலில் ரெரா நம்பர் வேண்டும், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்தக் கட்டடத்தைப் பதிந்த எண். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது, 2016 சட்டம். வாட்ஸ்அப்பில் போட்டாலும் அது விளம்பரம்தான். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர், அதில் சொன்னது பொய் என்றால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். தம்பி, ஏஜென்ட்டாக நீயும் பதிந்திருக்க வேண்டும், உன் நம்பரையும் கீழே போடு.

தம்பி: என்னுடையது இருக்கிறது அக்கா. பில்டரிடம் இப்போதே கேட்கிறேன்.

பெரியக்கா: இன்னொன்று, கண்ட குரூப்பில் எல்லாம் ஃபார்வர்ட் செய்யாதே, எரிச்சல்தான் மிஞ்சும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் உன் நம்பரை சேவ் செய்யச் சொல். பிராட்காஸ்ட் லிஸ்டில் நீ அனுப்புவது, உன் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். விற்றுப்போன வீட்டுப் போஸ்டை அன்றே எடுத்துவிடு, படத்தைத் திருடி வாடகைக்கு என்று போட்டு அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிறார்கள். பத்திரம், பட்டா நகல் எதையும் குரூப்பில் போடவே கூடாது.

தம்பி: ரெரா நம்பர் அனுப்பிவிட்டார்கள் அக்கா. விலை போடவும் சரி என்றார்கள்.

பெரியக்கா: சரி, பழைய போஸ்டை இன்ஸ்டாவில் இருந்து எடுத்துவிடு. ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் வீடியோ எடு.

டோல்கேட் மாமா: எடுத்ததும் எனக்கு அனுப்பு தம்பி. தேரடியில் நண்பர் மகன் வீடு தேடுகிறான், தண்ணீர் விஷயம் சொல்லாமல் அவனிடம் பேசவே முடியாது.