‘கார்ன் கில்ன்’: சூளையா, கணப்பறையா?

(ஈரத் தானியத்தை அனலில் உலர்த்தும் கட்டடம் ‘கார்ன் கில்ன்’, corn kiln. அதைப் பற்றிய ஒரு பதிவின் கீழ், அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நடந்த உரையாடல் இது.)

//செங்கல் சூளை, சுண்ணாம்புச் சூளை போலத் ‘தானியச் சூளை’ என்றே வைத்துவிடலாமே.//

ஐயா, சூளையில் பொருளே நெருப்பில் வேக வேண்டும். இங்கே மணி வெந்தால் காரியம் கெட்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் காரிகல் பண்ணை அருங்காட்சியகத்தில் இந்த வகை ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள்: களஞ்சியக் கொட்டகையை ஒட்டிய வட்டமான கல் கூண்டு. இத்தகைய கூண்டுகளில் அடுப்பு வாய் சற்றுத் தள்ளி இருக்கும். அங்கிருந்து குறுகிய கல் வழியாக அனல் கூண்டின் அடிக்கு வரும். மேலே மரச்சட்டங்கள், அவற்றின்மேல் வைக்கோல், அதன்மேல் தானியம். பீட் என்கிற சதுப்புக் கரி தீ எழும்பாமல் கனன்றுகொண்டிருக்க வேண்டும். வழி குட்டையாக இருந்தாலோ தீ எழும்பினாலோ பொறி வைக்கோலைப் பிடிக்கும். பிறகு கூரையும் மிஞ்சாது. தானியத்தைக் கனமாகப் பரப்பிக் கிளறாமல் விட்டால் அடிமணி கருகும், மேல்மணி வியர்க்கும்.

குளிர்காயும் நெருப்புக்கு நம்மிடம் ‘கணப்பு’ இருக்கிறதே. ‘கணப்புப் பரண்’ என்கிறேன்.

‘கார்ன்’ என்பதை மக்காச்சோளம் என்று எழுதியிருப்பதையும் பதிவில் திருத்த வேண்டும். இங்கே அது பொதுவாகத் தானியம். அங்கே விளைவது ‘பேர்’ என்ற பழைய வாற்கோதுமையும் ஓட்ஸும். ஈரக் காற்றில் அவை தாமாகக் காயா. ஈரம் மிஞ்சினால் திரிகைக் கல்லில் அப்பும். சேமித்தால் பூசணம் பிடிக்கும்.

—

//கணப்புப் பரண்//

‘கணப்பு’ சரி. ஆனால் பரண் என்பது மணி கிடக்கும் தட்டு மட்டும்தானே? முழுக் கட்டடத்துக்கும் அது பொருந்தாது. எஸ்தோனியாவில் கதிர் உலர்த்தும் அறையான ‘ரெஹி’யில் தட்டே இல்லை. போரடிக்கும் முன் கதிர்க்கட்டுகளையே கழிகளின்மேல் அடுக்கி, புகைபோக்கி இல்லாத அடுப்பின் சூட்டில் காயவைத்தார்கள். குடும்பம் வசித்ததும் அந்த அறையில்தான்.

—

நியாயம். ‘கூண்டு’ என்றும் வைக்க முடியாது. ஆர்க்னியிலேயே 1873இல் கட்டிய பேரனி மில்லில் கில்ன் ஆலையோடு சேர்ந்தது. முன்பு அரைத்ததில் மிஞ்சிய உமிதான் அதற்கு எரிபொருள். இவை எல்லாவற்றுக்கும் ‘அறை’ பொருந்தும். ஆகவே:

கில்ன் – கணப்பறை. மணி காய்வது மணிக் கணப்பறை, ரெஹி கதிர்க் கணப்பறை. தட்டுக்குப் பரண், அடுப்பிலிருந்து வரும் வழிக்கு அனல்வழி.

‘புகைவழி’ வேண்டாம். புகையும் அதில்தான் வருகிறது. ஆனால் வழி கட்டியது அனலுக்காக.